இமையில் குத்திய மை

ஷாமினி கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டே சாப்பாட்டு மேசைக்கு வந்தாள். சாமி விளக்கு ஏற்றியாகிவிட்டது. எங்கள் வீட்டில் விளக்கேற்றிய பிறகு யாரும் முகத்தை மறைத்துக்கொண்டு நடமாடுவதில்லை.

"கண்ணாடியைக் கழற்று," என்றேன்.

"கண்ணு நோவு பெரியப்பா. உங்களுக்கும் ஒட்டிக்கும்."

"ஒட்டட்டும். கழற்று."

அவள் தன் தாயைப் பார்த்தாள். குமுதா சோற்றுப் பானைக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் சேர்ந்து எதையோ மறைக்கிறார்கள் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

ஷாமினி என் தம்பியின் ஒரே மகள். தம்பி போனபின் தாயும் மகளும் கிள்ளானை ஒட்டிய பண்டமாரானில் என் வீட்டில்தான் இருக்கிறார்கள். நான் துறைமுகத்தில் பாரந்தூக்கிகளுக்கு மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவன். என் அப்பா தம்புசாமி காலத்திலிருந்தே இந்த வட்டாரக் கோயிலில் முதல் மரியாதை எங்கள் வீட்டுக்கு. ஞாயிற்றுக்கிழமை ஷாமினிக்குப் பரிசம். மாப்பிள்ளை குரு, பிரிக்பீல்ட்ஸில் புடவைக்கடை நடத்தும் குடும்பத்துப் பையன். கிள்ளானில் எனக்குத் தெரிந்தவர் அத்தனை பேரையும் மண்டபத்துக்கு அழைத்திருந்தேன். அன்று புதன்கிழமை.

கண்ணாடி கழன்றது. அவளுடைய இடது கண்ணின் ஓரத்திலிருந்து நெற்றிப்பொட்டு வரைக்கும் நீலம் பரவியிருந்தது. ஈரத் துணியில் மை சிந்தியதுபோல. இமை வீங்கிக் கண் பாதிதான் திறந்திருந்தது.

என் கை மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டது.

"யார் அடிச்சது?"

"யாரும் அடிக்கல பெரியப்பா."

"குருவா?"

"ஐயோ, இல்ல. ஐலைனர். பெர்மனென்ட் ஐலைனர் போட்டேன். ஊசியால."

"பச்சை குத்திக்கிட்டாளாம், மாமா," என்றாள் குமுதா. "கண்ணுல."

அருகில் அழைத்து விளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன். வலது கண்ணில் இமை மயிருக்கு மேலே மெல்லிய கறுப்புக் கோடு சரியாகவே ஓடியிருந்தது. இடது கண்ணில் கோடு ஓரத்தில் இறங்கிக் கோணிப் போயிருந்தது. ஊசி ஆழமாக இறங்கி மை தோலுக்கடியில் கசிந்துவிட்டது என்று அவளே சொன்னாள். கசிந்த இடத்தின் மேல் வெளிறிய ஒரு திட்டு. அது என்னவென்று கேட்டேன். நீலத்தை மறைக்கத் தோல் நிறத்து மையை அதன்மேல் மறுபடி குத்தினார்களாம். சனிக்கிழமை முதல் தடவை, திங்கட்கிழமை இரண்டாம் தடவை.

"எதுக்கு இது? ஏன் இப்போ?"

அவள் பதிலை என்னிடம் சொல்லாமல் தட்டிடம் சொன்னாள். மாப்பிள்ளை வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. பரிச மேடையில் பெண்ணுக்கு வேறு ஒப்பனை கூடாது. மஞ்சள் நீரால் முகம் கழுவி, எல்லோர் முன்னிலையிலும் மாமியார் தன் விரலாலேயே பெண்ணின் கண்ணுக்கு மை இடுவார். அதற்குப் பிறகுதான் தட்டு மாற்றுவது. ஷாமினிக்குச் சிறு வயதிலிருந்தே இமை மயிர் குறைவு.

"மேக்கப் இல்லாட்டி என் கண்ணு செத்த மீன் மாதிரி இருக்கும் பெரியப்பா. அத்தனை கேமரா முன்னாடி. கோடு ஏற்கனவே இருந்தா, அத்தை அதுமேலயே மை வெச்சிடுவாங்க, யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சேன்."

மை இடும் சடங்குக்காகக் கண்ணில் மை குத்திக்கொண்ட பெண். எனக்குக் கோபம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையின் தாய் அலமேலு இந்த முகத்தைத் தன் இரண்டு கையால் பிடித்துத் தூக்குவார். மண்டபம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும். நான் கேட்ட அதே கேள்வியைத்தான் ஒவ்வொருவரும் கேட்பார்கள். யார் அடித்தது? அப்பா இல்லாத பெண். பெரியப்பன் வீட்டில் வளர்ந்தவள்.

"கண் டாக்டர்கிட்ட போலாம் மாமா," என்றாள் குமுதா.

"எந்த டாக்டரிடம்? கிள்ளானில் எந்த கிளினிக்கில் உட்கார்ந்தாலும் நம்மைத் தெரிந்தவர் இரண்டு பேர் இருப்பார்கள். பிரிக்பீல்ட்ஸுக்குப் போனால் அவர்கள் கடைவாசல்."

"அப்புறம் என்ன செய்றது?"

"செய்தவள் யாரோ, அவளே சரி செய்யட்டும். வெளியே தெரியக் கூடாது."

அப்படித்தான் தீர்மானித்தேன்.

மறுநாள் காலை மூவரும் பூச்சோங் போனோம். அடுக்குமாடியில் ஒன்பதாவது மாடி. சந்திரகலா என்ற அந்தப் பெண் வீட்டின் உள்ளறை ஒன்றை அழகு நிலையமாக வைத்திருந்தாள். கோயிலில் கும்பிடும்போது பார்த்த முகம்தான். என்னைக் கண்டதும் காலைத் தொட வந்தாள், நான் விலகிக்கொண்டேன்.

"ஒண்ணும் பயப்படாதீங்க அங்கிள். புது மெஷின் வாங்கியிருக்கேன். லேசர். டாட்டூவெல்லாம் எடுக்கும்."

"யாருக்கு எடுத்திருக்கிறாய்?"

"கைக்கு எடுத்திருக்கேன். புருவத்துக்கு எடுத்திருக்கேன்."

"கண்ணுக்கு?"

"புருவத்துக்கும் கண்ணுக்கும் எவ்ளோ தூரம் அங்கிள்," என்று சிரித்தாள். "நீங்க ஹால்ல உக்காருங்க லா. ஆன்டிகூட டீ குடிங்க."

"நான் இங்கேயே நிற்கிறேன்."

ஷாமினியை மடக்குக் கட்டிலில் படுக்க வைத்தாள். தலைமாட்டில் வளையம்போல ஒரு விளக்கு. கண்களை மூடச் சொல்லி நனைத்த பஞ்சை இரண்டு இமைகளின் மேலும் வைத்தாள். இடது ஓரத்தில் மட்டும் பஞ்சைச் சற்று விலக்கினாள். பிறகு கருவியை எடுத்தாள். தடித்த பேனா போலிருந்தது. இன்னொரு கையால் ஒரு பச்சை நிறக் கண்ணாடியை எடுத்துத் தன் கண்ணுக்குப் போட்டுக்கொண்டாள்.

துறைமுகத்தில் இரும்பு ஒட்டுகிறவர்கள் முகமூடி இல்லாமல் வேலை செய்ததை நான் பார்த்திருக்கிறேன். பாலன் என்று ஒருவன், அவசரத்தில் முகமூடி போடாமல் ஒட்டிவிட்டு, கண்ணுக்குள் மணல் கொட்டியதுபோல இருக்கிறதென்று சுவரில் முட்டிக்கொண்டான். அவனை நான்தான் மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன்.

"நீ கண்ணாடி போட்டிருக்கிறாய்," என்றேன்.

"ஆமா அங்கிள். இந்த வெளிச்சம் கண்ணுக்கு ஆகாது."

"அவளுக்கு?"

"அவங்கதான் கண்ணை மூடிட்டாங்களே. பஞ்சு வேற இருக்கு. சுக்கூப் லா, போதும்."

நிறுத்து என்று சொல்ல வாய் திறந்தேன். அந்த நேரத்தில் ஞாயிற்றுக்கிழமை மண்டபம்தான் மனத்தில் வந்தது. முதல் வரிசை நாற்காலிகள் வந்தன. வாயை மூடிக்கொண்டேன்.

சுவரில் வெளிச்சம் வெட்டியது. 'டக்' என்று ரப்பர் சுண்டியதுபோல ஒரு சத்தம். மயிர் கருகும் வாசனை. ஷாமினியின் கால்கள் இழுத்துக்கொண்டன.

நான் குனிந்து பார்த்தேன். வெளிறிய திட்டு அங்கே இல்லை. அது இருந்த இடம் கறுத்துவிட்டது. என் கண்ணெதிரில், தோல் நிறமாக இருந்தது கரியாக மாறிவிட்டது.

"என்ன இது?"

சந்திரகலாவும் பார்த்தாள். அவள் உதடு காய்ந்துவிட்டது. "கொஞ்சம் கறுக்கும் அங்கிள், அப்புறம் போயிரும். இன்னொரு ஷாட் அடிச்சா..."

"வேண்டாம்" என்று நான் சொன்னதும் வெளிச்சம் வெட்டியதும் ஒன்றாக நடந்தன. என் குரலில் ஷாமினி திடுக்கிட்டுத் தலையைத் திருப்பினாள், பஞ்சு நழுவியது, அவள் கண் திறந்திருந்தது.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். மிக மெதுவாகச் சொன்னாள்:

"பெரியப்பா, வெள்ளையா இருக்கு."

"எது?"

"எல்லாம்."

குமுதா உள்ளே ஓடி வந்தாள். சந்திரகலா எங்கிருந்தோ பன்னீர் பாட்டிலைக் கொண்டுவந்து மூடியைத் திறந்தாள். பன்னீர் தரையில் சிந்தியது.

"எதையும் ஊற்றாதே," என்றேன். "தொடாதே."

"நான் வேணும்னு செய்யல அங்கிள்."

"தெரியும். வழியை விடு."

பழைய கிள்ளான் சாலையில் நெரிசல். முன்னால் ஒரு லோரி நின்று நின்று போனது. ஷாமினி பின்னிருக்கையில் தாயின் தோளில் சாய்ந்திருந்தாள். இடது கண்ணிலிருந்து நீர் நிற்காமல் வழிந்தது.

"வலக் கண்ணை மூடிக்கொண்டு பார். சிக்னல் தெரிகிறதா?"

"சிவப்புத் தெரியுது."

"வட்டமாகவா?"

"நடுவுல இல்ல பெரியப்பா. ஓரத்துல மட்டும் சிவப்பா இருக்கு."

பிறகு நான் கேட்கவில்லை. கேட்டால் அவள் உண்மையைச் சொல்லிவிடுவாள் என்று பயமாக இருந்தது. அவளே ஒவ்வொரு சிக்னலிலும் ஒரு கையால் வலக் கண்ணை மூடிப் பார்ப்பதைக் காரின் கண்ணாடியில் கண்டேன். குமுதா அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கை மறுபடியும் போய்விடும்.

"குருகிட்ட சொல்லலாமா?" என்றாள் ஷாமினி.

"முதலில் டாக்டர்."

"எங்க போறோம்?"

"பிரிக்பீல்ட்ஸ். கிட்டத்தில் கண் டாக்டர் அங்கேதான்."

"அங்க வேணாம்னு சொன்னீங்களே."

"பேசாமல் படு."

காரை வெகுதூரத்தில்தான் நிறுத்த முடிந்தது. அவளை ஒருபுறம் நானும் மறுபுறம் குமுதாவும் பிடித்து நடத்தினோம். பிரிக்பீல்ட்ஸ் நடைபாதையில் பார்வையற்றவர்களுக்காக மஞ்சள் நிறத்தில் மேடுபள்ளமான கல் பதித்திருக்கிறார்கள். எத்தனையோ தடவை அந்தக் கல்லின் மேல் நடந்திருக்கிறேன். அன்றுதான் அது என் செருப்புக்கடியில் உறுத்தியது. எதிரே வெள்ளைக் கோலைத் தட்டிக்கொண்டு ஒருவர் வந்தார். அந்தத் தட்டும் ஓசை நெருங்க நெருங்க என் கால் நகரவில்லை.

கோல் என் செருப்பில் பட்டது.

"பாஸ், லைன்ல நிக்கிறீங்க," என்றார் அவர் தமிழில். "கொஞ்சம் தள்ளுங்க."

"மன்னிக்கணும்."

"பரவால்ல. புதுசா வர்றவங்க எல்லாரும் இங்கதான் நிப்பாங்க." சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

ஷாமினியின் விரல்கள் என் மணிக்கட்டை இறுக்கின. அவளும் அதே எண்ணத்தில்தான் இருக்கிறாள் என்று தெரிந்தது.

கண் மருத்துவர் தாமரை நடுத்தர வயதுப் பெண். யார், எந்த ஊர் என்று எதுவும் விசாரிக்கவில்லை. நேராக அவளை உட்காரவைத்து, வலி தெரியாமலிருக்கச் சொட்டு மருந்து விட்டார். பிறகு மஞ்சள் சாயம் ஒன்றை விட்டு, விளக்கை அணைத்து, நீல வெளிச்சத்தில் பார்த்தார். அந்த அறை இருட்டில் டாக்டரின் மூச்சு மட்டும் கேட்டது. நெடுநேரம் பார்த்தார். கண்மணி விரிய இன்னொரு மருந்து விட்டு, காத்திருந்து, மறுபடியும் பார்த்தார்.

"கண்ணுக்குள்ள பாதுகாப்புத் தகடு எதுவும் வைக்கலையா?"

"பஞ்சு வெச்சாங்க," என்றேன்.

அவர் அலமாரியிலிருந்து ஒரு சிறு டப்பாவை எடுத்துத் திறந்தார். உள்ளே எஃகுத் தகடு, குழிந்து, குழந்தைக்கு மருந்து புகட்டும் கரண்டியின் நுனி அளவுக்கு இருந்தது.

"இமையில லேசர் அடிக்கிறதா இருந்தா, இதை இமைக்கு உள்ளே, கண்ணு மேல வைக்கணும். மரத்துப்போக மருந்து விட்டுட்டு. மூடின இமையும் பஞ்சும் அந்த வெளிச்சத்தைத் தடுக்காது."

"கறுத்துவிட்டதே, அது?"

"தோல் நிற மையில இருக்கிற வெள்ளைப் பொருள் லேசர் பட்டா கறுக்கும். அதனாலதான் மேல மேல மை குத்தி மறைக்கக் கூடாது. முதல் தடவை தப்பானதும் விட்டிருந்தா, எடுக்கிறது சுலபம்."

"கண் திரும்புமா டாக்டர்?" இதைக் கேட்டது குமுதா. நான் கேட்டிருக்க வேண்டியது.

"மேல்படலம் வெந்திருக்கு. உள்ளே வீக்கம். விழித்திரை இன்னிக்கு எனக்குத் தெளிவாத் தெரியல. நாளைக்குக் காலையில வாங்க. அதுக்கு முன்னாடி நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்."

களிம்பு இட்டுக் கண்ணைக் கட்டினார். கட்டிக்கொண்டே சொன்னார்: தண்ணீர் படக்கூடாது. தேய்க்கக்கூடாது. இரண்டு கண்ணிலுமே எதுவும் இடக்கூடாது.

"ஞாயிற்றுக்கிழமை பரிசம்," என்றேன். "மஞ்சள் நீரால் முகம் கழுவுவார்கள்."

"கூடாது."

"மாமியார் மை இடுவார். ஒரே ஒரு தடவை."

"விளக்குக் கரியும் விளக்கெண்ணெயும்தானே? அங்கிள், ஊசி குத்தின புண்ணு, வெந்த கண்ணு. அதுல யாரோட விரலும் படக்கூடாது. நெனச்சுக்கூடப் பாக்காதீங்க."

ஷாமினி கட்டுக்குக் கீழே அழத் தொடங்கினாள். "அழவும் கூடாது," என்றார் டாக்டர், கொஞ்சம் கனிவாக. "உப்பு எரியும்."

அவர்களைக் கிளினிக்கில் உட்காரவைத்துவிட்டு நான் மட்டும் தெருவைக் கடந்தேன். அலமேலுவின் புடவைக்கடை அங்கிருந்து பார்த்தாலே தெரியும். வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனத்துக்குள் அடுக்கிக்கொண்டே போனேன். பெண்ணுக்குக் காய்ச்சல். பெண்ணுக்குக் கண் நோவு. பரிசத்தை அடுத்த மாதத்துக்குத் தள்ளலாம். எல்லாமே வாய்க்குச் சுலபமாக வந்தன.

அலமேலு கல்லாவுக்குப் பக்கத்தில் நாற்காலியில் இருந்தார். என்னைவிட நிமிர்ந்து உட்காரக்கூடிய ஆளை நான் அதிகம் கண்டதில்லை.

"வாங்க சம்பந்தி. சொல்லாம வந்திருக்கீங்க. உக்காருங்க."

"நின்றுகொண்டே சொல்கிறேன்."

அவர் கடைப் பெண்ணைப் பார்த்தார். அவள் உள்ளே போனாள்.

அடுக்கிவைத்த பொய் எதுவும் வரவில்லை. கண் நோவு என்று சொன்னால், நாளை அந்தக் கண் திறக்காமலே போனால், அந்தச் சொல் எங்கள் வீட்டோடு எப்போதும் ஒட்டிக்கொண்டிருக்கும். நடந்ததைச் சொன்னேன். கோடு, கசிவு, தோல் நிற மை, பூச்சோங், வெளிச்சம்.

"அப்போ என் கையால மை வைக்கிறதுக்கு முன்னாடி நீங்களே வெச்சு அனுப்பிட்டீங்க," என்றார்.

"பெண் அறியாமல் செய்துவிட்டாள்."

"அவ சின்னப் பொண்ணு. நீங்க?" நிறுத்தினார். "கேக்கிறேன்னு தப்பா நெனைக்காதீங்க. அடிச்ச காயம் இல்லையே?"

முகம் சுட்டது. "எங்கள் வீட்டில் பெண்பிள்ளையைக் கை நீட்டி அடித்தவர் கிடையாது."

"அப்புறம் எதுக்கு நேத்தே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகல?"

நான் அவருடைய தலைக்கு மேலே அடுக்கியிருந்த புடவைகளைப் பார்த்தேன்.

"நீங்கள் பார்த்துவிடுவீர்கள் என்றுதான்," என்றேன்.

அவர் கல்லாப் பெட்டியைச் சாத்தினார்.

"கண் திரும்புமா என்று நாளைக் காலையில்தான் தெரியும்," என்றேன். "தெரிந்த பிறகு வந்து சொன்னால் அது வியாபாரம். அதனால் இப்போதே வந்தேன். நீங்கள் வேண்டாம் என்றால் மண்டபத்துக்கு வருகிறவர்களுக்கு நானே வாசலில் நின்று பதில் சொல்லிக்கொள்கிறேன்."

"குருவுக்குத் தெரியுமா?"

"உங்களிடம்தான் முதலில்."

"எந்த கிளினிக்?"

சொன்னேன்.

"நாளைக்கு எத்தனை மணிக்கு?"

"ஒன்பதுக்கு."

"சரி," என்றார். அதற்கு என்ன பொருள் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வெளியே வந்து பூக்கடைக் கூரையின் கீழ் சற்று நின்றேன்.

அந்த இரவைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. விடிந்தது.

நாங்கள் போகும்போதே அலமேலு கிளினிக்கில் உட்கார்ந்திருந்தார், மடியில் ஒரு பையுடன். பக்கத்தில் குரு. பையன் ஷாமினியைப் பார்த்து எழுந்தான். பிறகு என்னைப் பார்த்து அப்படியே நின்றான்.

"என்னால ஒன்னும் பண்ண முடியாது, இல்ல?" என்றான் அவளிடம்.

"ஒன்னும் பண்ணாத," என்றாள் அவள். "எனக்குப் பயமா இருக்கு, அவ்ளோதான்."

என்னிடம் அவள் அதைச் சொல்லவே இல்லை.

டாக்டர் கட்டை அவிழ்த்தார். இமை ஒட்டியிருந்தது, ஈரத் துணியால் மெல்ல ஒற்றி எடுத்தார். வலக் கண்ணை ஓர் அட்டையால் மறைத்து, சுவரில் இருந்த எழுத்துப் பலகையைப் பார்க்கச் சொன்னார். அவள் பேசாமல் இருந்தாள். அந்தச் சில விநாடிகளில் நான் வேண்டாத தெய்வமில்லை. நிமிர்ந்துதான் நின்றேன், உள்ளே ஒன்றும் நிமிர்ந்திருக்கவில்லை.

"மேல இருக்கிறது E," என்றாள். "அது எல்லாருக்கும் தெரியும்."

"அடுத்தது?"

படித்தாள். அதற்கடுத்ததையும் படித்தாள். நடுவரிசையில் தடுமாறினாள், அதற்குக் கீழே எல்லாம் புகை என்றாள்.

டாக்டர் மறுபடியும் கருவியில் பார்த்தார். விழித்திரையில் காயமில்லை என்றார். மேல்படலம் ஆறும், சிறு வடு நிற்கலாம், மாதா மாதம் வர வேண்டும். "கண்ணை நேரா அந்த வெளிச்சம் தொடல. ஓரமாப் போயிருக்கு. இது அதிர்ஷ்டம். இதை மறுபடி நம்பாதீங்க."

குமுதா சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். அலமேலு எழுந்து வந்து, ஷாமினியின் தாடையைப் பிடிக்காமல், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து அந்தக் கோணல் கோட்டையும் நீலத்தையும் கரியையும் பார்த்தார்.

"நல்லா கோலம் போட்டிருக்கா," என்றார். "இதை எடுக்க முடியுமா டாக்டர்?"

"முடியும். இப்ப இல்ல. புண்ணு முழுசா ஆறி, மாசக்கணக்குல ஆகணும். அப்புறம் தோல் டாக்டரும் நானும் சேர்ந்து, முதல்ல கடுகளவு இடத்துல அடிச்சுப் பார்த்து, அது கறுக்கலன்னாத்தான் மேல தொடுவோம். இமை மயிர் கொட்டலாம். ஒரே தடவையில போகாது."

"ஞாயித்துக்கிழமை நான் மை வைக்காம திரும்ப மாட்டேன். எங்க மாமியார் எனக்கு வெச்சாங்க. எங்க வைக்கிறதுன்னு நீங்களே சொல்லுங்க."

டாக்டர் முதல் முறையாகச் சிரித்தார். "கண்ணையும் முகத்தையும் விட்டுட்டு எங்க வேணும்னாலும் வைங்கம்மா."

ஞாயிற்றுக்கிழமை மஞ்சள் நீர் கைகளுக்கு மட்டும் ஊற்றினார்கள். ஷாமினி கண்ணில் வெள்ளைக் கட்டோடு மணையில் உட்கார்ந்தாள். முதல் வரிசையில் முணுமுணுப்பு எழுந்தது. நான் மேடையில் நின்று, பெண்ணுக்குக் கண்ணில் காயம், எங்கள் அவசரத்தால் ஏற்பட்டது என்று ஒலிபெருக்கியில் சொன்னேன். அதைவிடக் கடினமான எதையும் அந்த மண்டபத்தில் நான் சொன்னதில்லை. அலமேலு மைச் சிமிழை எடுத்துக்கொண்டு வந்து, மணைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, பெண்ணின் காலைத் தன் மடியில் எடுத்து வைத்தார். கைக்குழந்தைக்கு வைப்பதுபோல உள்ளங்காலில் மையைத் தொட்டு வைத்தார். மாமியார் மருமகள் காலைத் தொடுவதை நான் கண்டதில்லை. மண்டபமும் கண்டதில்லை என்று அந்த அமைதியில் தெரிந்தது.

"கால் அலம்பிட்டுத்தானே வந்தே?" என்று அவர் கேட்டது எனக்கு மட்டும் கேட்டது.

கலியாணத்தைப் பங்குனிக்குத் தள்ளினோம். இடையில் கண் ஆறியது. நீலமும் கரியும் அப்படியே இருந்தன. அவள் வெளியே போகும்போது ஒரு கற்றை முடியை முன்னால் விட்டுக்கொள்வாள். கடுகளவு அடித்துப் பார்த்ததில் கறுக்கவில்லை என்று செய்தி வந்த அன்று வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அடுத்தது முழு இமை.

லேசர் அடிக்கும் நாளில் என்னை வெளியே இருக்கச் சொன்னார்கள்.

"தகடு வைக்கிறதைப் பார்த்துவிட்டுப் போகிறேன்," என்றேன்.

தோல் மருத்துவர் திரும்பி டாக்டர் தாமரையைப் பார்த்தார். அவர் தலையசைத்தார். ஷாமினியின் கண்ணில் சொட்டு மருந்து விட்டார்கள். காத்திருந்தார்கள். பிறகு இமையைத் தூக்கி, அந்த எஃகுத் தகட்டை உள்ளே நழுவவிட்டார்கள். விழி இருந்த இடத்தில் ஒரு கணம் வெறும் உலோகம் மின்னியது. இமை அதன்மேல் மூடியது. அடுத்த கண்ணுக்கும் அப்படியே. கண்ணை எடுக்காமல் பார்த்தேன்.

"நோவுதா?" என்று கேட்டேன்.

"இல்ல. கனமா இருக்கு. போங்க பெரியப்பா. நீங்க மூச்சு விடுற சத்தம்தான் பயமா இருக்கு."

வெளியே குருவும் அலமேலுவும் இருந்தார்கள். கதவுக்குப் பின்னால் அந்தச் சத்தம் தொடங்கியது. ரப்பர் சுண்டும் சத்தம். ஒவ்வொன்றுக்கும் என் தோள் துள்ளியது. அலமேலு பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து என் பக்கத்து நாற்காலியில் வைத்தார். சத்தம் நின்றது. நின்ற பிறகும் கதவு திறக்கவில்லை. சத்தத்தைவிட அது மோசமாக இருந்தது.

கடைசியில் கதவு திறந்தது. இமை சிவந்து வீங்கியிருந்தது; கோட்டின் மேல் வெள்ளையாகப் பொரிந்திருந்தது, கறுக்கவில்லை. ஷாமினி தானாகவே நடந்து வந்தாள். வாசலில் நின்று, தன் வழக்கப்படி வலக் கண்ணைக் கையால் மூடிக்கொண்டு, இடது கண்ணால் என்னை மேலும் கீழும் பார்த்தாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"பெரியப்பா," என்றாள், "சட்டை பட்டனை மாத்திப் போட்டிருக்கீங்க."

குனிந்து பார்த்தேன். மேலிருந்து கீழ்வரைக்கும் ஒரு துளை தவறியிருந்தது. காலையிலிருந்து அப்படியேதான் எல்லோர் முன்னிலையிலும் நின்றிருக்கிறேன். சரி செய்யக் கையைத் தூக்கினேன். விரல்கள் பட்டனைப் பிடிக்கவில்லை. அவள்தான் வந்து ஒவ்வொன்றாகக் கழற்றிப் போட்டுவிட்டாள்.